தும்மலோடு வயலில் இறங்குகிறவர்களுக்கு: பருவ ஒவ்வாமை பற்றி ஓர் எளிய விளக்கம்

தை மாதம். அறுவடை இயந்திரம் வயலுக்குள் இறங்கி அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. வரப்பில் நிற்கும் ஒருவருக்கு அடுக்கடுக்காகத் தும்மல் வருகிறது, கண் சிவந்து நீர் வழிகிறது, மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கிறது. அதே வரப்பில் அதே தூசிக்குள் நிற்கும் இன்னொருவருக்கு ஒன்றுமே இல்லை. தூசி ஒன்றுதான், உடம்பு அதை எடுத்துக்கொள்ளும் விதம் வேறு. அதற்குத்தான் ஒவ்வாமை என்று பெயர்.

வீட்டுக்குள் வேலை என்றால் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்காரலாம். களை எடுப்பவர், கதிர் அறுப்பவர், சாலை போடுபவர், 100 நாள் வேலைக்குப் போகிறவர், மின்கம்பத்தில் ஏறுபவர் ஆகியோருக்கு அந்த வழி இல்லை. ஆனால் அவர்கள் கையில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. காற்றிலிருந்து உடம்புக்குள் போகும் அளவைக் குறைக்கலாம். பருவம் தொடங்குவதற்கு முன்பே சரியான மருந்தைத் தொடங்கலாம். தும்மல் முற்றிய பிறகு மருந்துக்கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வதைவிட இவை இரண்டும் பலமடங்கு பயன் தரும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

நம் உடம்பின் காவல் அமைப்பு கிருமிகளை எதிர்க்கப் பழகியது. சிலருக்கு அது தீங்கில்லாத மகரந்தத்தையும் பூஞ்சை வித்தையும் எதிரி என்று தவறாக முடிவு செய்துவிடுகிறது. அப்படி முடிவு செய்ததும் அந்தப் பொருளுக்கென்றே ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைச் செய்து, மூக்கு, கண், மூச்சுக்குழாய் ஆகியவற்றின் உட்சவ்வில் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற காவல் செல்களின் மேல் ஒட்டி வைக்கிறது. இந்தக் கட்டத்தில் நமக்கு எதுவும் தெரியாது. அதனால்தான் பத்து வருடமாக அதே வயலில் வேலை பார்த்தவருக்குப் பதினோராவது வருடம் திடீரென்று தும்மல் தொடங்குகிறது.

அடுத்த முறை அதே மகரந்தம் வந்து படும்போது மாஸ்ட் செல்கள் உடைந்து ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை வெளியே கொட்டுகின்றன. சில நிமிடங்களுக்குள் அரிப்பு, தும்மல், நீர் ஒழுகல் எல்லாம் வருவது இதனால்தான். கதை அதோடு முடிவதில்லை. 4 முதல் 8 மணி நேரம் கழித்து இரண்டாவது அலை ஒன்று வரும். இதில் தும்மல் குறைவு, வீக்கமும் மூக்கடைப்பும் அதிகம். காலையில் களத்தில் பட்ட தூசிக்கு இரவில் மூக்கு அடைத்துக்கொள்வதும், படுத்தால் இருமல் வருவதும் இந்த இரண்டாவது அலைதான். பலர் இதைப் பனி பட்டதால் வந்தது, தலைக்குக் குளித்ததால் வந்தது என்று எண்ணிக் குளியலை நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் அந்தக் குளியல்தான் அவர்களுக்கு உதவக்கூடியது. அதைப் பிறகு பார்ப்போம்.

சளியா, தூசியா, ஒவ்வாமையா?

சளிக் காய்ச்சலில் தொண்டை வலி, உடம்பு வலி, சில சமயம் காய்ச்சல் இருக்கும். ஒரு வாரம், பத்து நாளில் தானே விட்டுவிடும். ஒவ்வாமையில் காய்ச்சல் வராது. மூக்கிலும் கண்ணிலும் மேலண்ணத்திலும் அரிப்பு இருக்கும், ஒழுகுவது தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும், பருவம் முடியும்வரை வாரக்கணக்கில் நீடிக்கும். ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய அதே மாதத்தில் திரும்பி வரும்.

வெறும் தூசி எரிச்சல் வேறு. சிமெண்ட் மூட்டை பிரிக்கும்போதும், பதர் தூற்றும்போதும் யாருக்கும் தும்மல் வரும். இடத்தைவிட்டு நகர்ந்தால் நின்றுவிடும். நெல்லின் சுணை தோலில் குத்தி ஏற்படுத்தும் அரிப்பும் பெரும்பாலும் எரிச்சல்தான், கழுவினால் அடங்கும். கல் அறுக்கும்போதும் டைல்ஸ் வெட்டும்போதும் பறக்கும் சிலிக்கா தூசியை இந்தக் கட்டுரையில் சேர்க்கவில்லை. அது நுரையீரலை நிரந்தரமாகக் கெடுப்பது, அதற்கு ஒவ்வாமை மாத்திரை எந்தப் பாதுகாப்பும் தராது.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். ஈரம் பட்டுப் பூசணம் பிடித்த வைக்கோலைப் பிரித்த அன்று மாலையோ இரவோ குளிர் காய்ச்சல், வறட்டு இருமல், நெஞ்சு இறுக்கம் வந்து, ஓரிரு நாளில் தணிந்து, மறுபடி வைக்கோலைத் தொட்டால் மறுபடி வந்தால், அது மூக்கு ஒவ்வாமை அல்ல. நுரையீரலின் அடி ஆழத்தில் ஏற்படும் அழற்சி அது. திரும்பத் திரும்ப வந்தால் நுரையீரலில் தழும்பு விழும். நுரையீரல் மருத்துவரிடம் போய், வைக்கோல் வேலை செய்கிறேன் என்பதைச் சொல்லிக் காட்ட வேண்டும்.

எந்தக் காலத்தில் எது பறக்கிறது

வெளிநாடுகள் பலவற்றில் வானிலை அறிக்கையோடு மகரந்த அளவும் வரும். நம் ஊர் அறிக்கையில் அது வருவதில்லை. அதனால் சுற்றியுள்ள செடிகளைக் கவனித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் ஒரு அடிப்படை. பளிச்சென்ற நிறமும் மணமும் உள்ள பூக்களின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, பூச்சியின் காலில் ஒட்டிப் போவதற்காக உருவானது. ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணமாவது கண்ணுக்குப் பூ என்றே தெரியாத பூக்கள். புற்கள், சோளம், கம்பு, மக்காச்சோளம், முள்ளுக்கீரை, ஆமணக்கு, சவுக்கு போன்றவை காற்றை நம்பி மகரந்தத்தைக் கொட்டுகின்றன. சீமைக் கருவேலத்துக்குப் பூச்சிகளும் வருகின்றன, ஆனாலும் மரங்கள் அவ்வளவு அடர்த்தியாக நிற்பதால் அதன் மகரந்தமும் காற்றில் கணிசமாகச் சேர்கிறது. ராமநாதபுரம், விருதுநகர், சிவகங்கை பக்கத்து வேலைக்காரர்கள் அதன் மஞ்சள் நிறப் பூங்கதிர்கள் தொங்கத் தொடங்குவதைக் கவனிப்பது நல்லது. கோடைக்கு முந்தைய மாதங்களில்தான் பெரிய பூப்பு. கடலூர், விழுப்புரம் பக்கம் சவுக்குத் தோப்பு வெட்டப் போகிறவர்களுக்கும் இதே அறிவுரைதான்.

வடகிழக்குப் பருவமழை தணிந்ததும் வரப்பிலும் சாலை ஓரத்திலும் அருகும் மற்ற புற்களும் கதிர் விடும். அதே ஈரத்தில் அழுகும் இலைகளிலும் வைக்கோலிலும் பூஞ்சை வளரும். சம்பா அறுவடையில் இயந்திரம் கிளப்பும் கரும்பழுப்புத் தூசியில் மண் மட்டும் இல்லை, நெற்பயிரின் மேல் வளர்ந்த பூஞ்சையின் வித்துகளும் ஏராளமாக இருக்கின்றன. மகரந்தம் ஒத்துக்கொள்ளும், அறுவடைத் தூசி மட்டும் ஒத்துக்கொள்ளாது என்று சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆடி மாதக் காற்றில் புதிதாக எதுவும் பூக்காவிட்டாலும், கீழே படிந்து கிடந்ததெல்லாம் கிளம்பிவிடும்.

ஒரே நாளுக்குள்ளும் ஏற்ற இறக்கம் உண்டு. நெல், புல் வகைகளின் பூக்கள் பெரும்பாலும் வெயில் ஏறும் முற்பகலில் திறக்கின்றன. பனி உலர்ந்து காற்று வீசும் நேரம் மோசமானது. நிதானமாகப் பெய்யும் மழை காற்றைக் கழுவிவிடும். ஆனால் இடிமழைக்கு முன் வீசும் சூறைக்காற்று அப்படியல்ல. ஈரம் பட்ட புல் மகரந்தம் வெடித்து, மூக்கில் தங்காமல் நுரையீரல்வரை போகக்கூடிய சின்னத் துணுக்குகளாகிவிடும். 2016 நவம்பர் 21 அன்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் அப்படி ஒரு இடிமழையில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளுக்குப் போனார்கள், 10 பேர் இறந்தார்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இடிமழைக்கு முந்தைய காற்றில் திறந்த வெளியில் நிற்கக் கூடாது என்பதற்கு மின்னல் மட்டுமே காரணம் இல்லை.

பார்த்தீனியம் தனிப் பாடம்

வேளாண் வேலைக்காரர்கள் எதைத் தெரிந்துகொள்ளாவிட்டாலும் பார்த்தீனியத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1950களின் நடுவில் புனேவில் கவனிக்கப்பட்ட இந்தக் களை இன்று தரிசு, சாலை ஓரம், வாய்க்கால் கரை என்று எங்கும் நிற்கிறது. கேரட் இலை போன்ற இலை, சின்னச் சின்ன வெள்ளைப் பூ. மழைக்குப் பிறகு முளைத்து 4 முதல் 6 வாரத்துக்குள் பூத்துவிடும்.

இது இரண்டு வழிகளில் தொல்லை தருகிறது. மகரந்தம் மூக்கையும் மூச்சுக்குழாயையும் தாக்குகிறது. செடியின் மேலுள்ள நுண்ணிய மயிர்களில் இருக்கும் பார்த்தீனின் என்ற வேதிப்பொருள் தோலைத் தாக்குகிறது. செடியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை. காய்ந்து பொடியான துணுக்கு காற்றில் வந்து படிந்தாலே போதும். அதனால் கண் இமை, காதுக்குப் பின்புறம், கழுத்து மடிப்பு, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் தோல் தடித்து, கறுத்து, அரிக்கும். வெயில் ஒவ்வாமை என்று பலரும் தவறாக நினைப்பது இதைத்தான். பிரித்தறிய ஒரு வழி உண்டு. வெயிலால் வரும் பாதிப்பு இமையின் மடிப்பையும், காதுக்குப் பின்னும், தாடைக்குக் கீழும் உள்ள நிழல் பகுதிகளையும் பெரும்பாலும் விட்டுவிடும். பார்த்தீனியம் அந்த மடிப்புகளில்தான் போய் உட்காரும்.

இந்தத் தோல் பாதிப்பு ஐஜிஇ வழியாக வருவதில்லை. வேறு வகைச் செல்கள் மெதுவாகச் செய்யும் வேலை இது. பட்ட பிறகு ஒரு நாள் முதல் மூன்று நாள் கழித்தே வெளியே தெரியும். திங்கள்கிழமை களை பிடுங்கியதற்குப் புதன்கிழமை முகம் வீங்கும், பழி செவ்வாய்க்கிழமை சாப்பிட்ட கத்தரிக்காய் மேல் விழும். செட்டிரிசின் போன்ற ஒவ்வாமை மாத்திரைகள் இதற்கு அதிகம் கேட்காததற்கும் இதே காரணம்தான். தோல் மருத்துவர் தரும் ஸ்டீராய்டு களிம்பும், செடியிலிருந்து விலகியிருப்பதும்தான் வழி.

அகற்றும்போது நேரம் முக்கியம். மழைக்குப் பின் மண் ஈரமாக இருக்கும்போது, பூப்பதற்கு முன், கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். தரையோடு அறுத்தால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். பூத்த செடியை புல்வெட்டும் இயந்திரத்தால் அடிப்பதுதான் மிகக் கெட்ட முறை. சாற்றையும் துணுக்கையும் இயக்குபவரின் முகத்திலேயே அது தெளிக்கிறது. காய்ந்த குவியலுக்குத் தீ வைப்பதும் கூடாது, புகையைச் சுவாசிப்பவர்களுக்கு மூச்சுத் தொல்லை வரும். பயிரில்லாத தரிசிலும் சாலை ஓரத்திலும் 1 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சாப்பாட்டு உப்பு கரைத்து, நல்ல வெயிலில் இலை நனையத் தெளிக்கலாம். விளைநிலத்தில் இதைச் செய்தால் மண் உப்பாகிவிடும். ஒருமுறை தோல் பாதிப்பு வந்தவரை மறுபடி இந்த வேலைக்கு அனுப்பக் கூடாது. கையுறை கொடுத்து அனுப்பினாலும் போதாது, ஏனென்றால் பாதிப்பு கை வழியாக மட்டும் வருவதில்லை.

வேலை செய்யும்போது

காற்று முதுகில் பட நில்லுங்கள். தூற்றும்போதும், வைக்கோல் உதறும்போதும், களை பிடுங்கும்போதும் இந்த ஒன்றைச் செய்தாலே உள்ளே போகும் அளவு பெரிதும் குறையும். செலவும் இல்லை. அறுவடை இயந்திரத்தைப் பின்தொடர்பவர்கள் காற்று வரும் பக்கமாக விலகி நடக்க வேண்டும். பத்துப் பேர் கொண்ட குழுவில் ஒவ்வாமை உள்ளவருக்கு மூட்டை தைக்கும் வேலை, ஓட்டும் வேலை என்று மாற்றிக் கொடுப்பது மேஸ்திரியால் முடிகிற காரியம்.

முகக் கவசத்தில் அளவுக் கணக்கு தெரிந்தால் எதை வாங்குவது என்பது தெளிவாகும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. புல் மகரந்தம் ஏறத்தாழ 20 முதல் 40 மைக்ரான். பல பூஞ்சை வித்துகள் 10 மைக்ரானுக்கும் கீழே. மூன்றாக மடித்த பருத்தித் துண்டை மூக்கையும் வாயையும் ஒட்டிக் கட்டினால் மகரந்தத்தில் ஒரு பகுதியைத் தடுக்கும். வித்துகளை அது நம்பும்படி தடுக்காது. அறுவடைத் தூசிக்கும் பூசண வைக்கோலுக்கும் என்95 வேண்டும். அதன் இரண்டு வாரும் தலைக்குப் பின்னால் போக வேண்டும், மூக்கின் மேலுள்ள கம்பியை இரண்டு கை விரலாலும் அழுத்திப் படிய வைக்க வேண்டும். பிறகு பலமாக மூச்சை விட்டுப் பாருங்கள். கண் பக்கம் காற்று அடித்தால் கவசம் பொருந்தவில்லை. தாடி இருந்தால் எந்தக் கவசமும் முழுதாகப் பொருந்தாது.

நம் வெயிலில் கவசம் வியர்வையில் நனைந்துவிடும், நனைந்தால் மூச்சு இழுப்பது கடினம், உடனே கீழே இழுத்து விட்டுக்கொள்வோம். அதனால் நாள் முழுக்கப் போடச் சொல்வதில் பயனில்லை. தூசி அதிகமுள்ள ஒன்றிரண்டு மணி நேரத்துக்குச் சரியாகப் போட்டு, நிழலுக்கு வந்து கழற்றி, நனைந்திருந்தால் வேறொன்றை மாற்றுங்கள். மூச்சு வெளிவிடும் வால்வு உள்ள கவசம் வெயில் வேலைக்குச் சற்று இதமானது.

கண்ணுக்குப் பக்கவாட்டையும் மறைக்கும் கண்ணாடி போதும். கண்ணைக் கசக்காதீர்கள். கசக்கினால் கையிலுள்ள மகரந்தம் உள்ளே போகும், மாஸ்ட் செல்கள் இன்னும் உடையும், வருடக்கணக்கில் கசக்கினால் கருவிழி கூம்பாகப் பிதுங்கிப் பார்வையே கெடலாம். ஒரு பாட்டிலில் குடிநீர் வைத்துக்கொண்டு அரிக்கும்போது கண்ணைக் கழுவுங்கள்.

வீட்டுக்கு வந்ததும்

வேலைத் துணியை வாசலிலேயே கழற்றுங்கள், கட்டில் மேல் போடாதீர்கள். எண்ணெய் தடவிய தலைமுடி மகரந்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இரவில் அது தலையணைக்கு வரும், விடிய விடிய மூக்கில் ஏறும். மாலையில் தலையோடு குளிக்க வேண்டும். தினமும் முடியாது என்றால், வேலையின்போது முடியை முழுதாக மூடித் துணி கட்டி, மாலையில் ஈரத்துண்டால் நன்றாகத் துடைத்தெடுங்கள்.

மூக்கை உப்பு நீரால் கழுவுவது எளிய, மலிவான, நல்ல வழி. 250 மில்லி தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு, கால் தேக்கரண்டி ஆப்பசோடா. அயோடின் சேர்க்காத உப்பு எரிச்சல் தராது. குனிந்து தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, மேல் பக்க மூக்குத் துளையில் மெதுவாக விட்டால் மறு துளை வழியாக வெளியேறும். எரிந்தால் உப்பு கூடவோ குறையவோ இருக்கிறது என்று பொருள். தண்ணீர் கண்டிப்பாகக் கொதிக்க வைத்து ஆறியதாக இருக்க வேண்டும். கிணறு, குளம், மோட்டார் தொட்டித் தண்ணீரை அப்படியே மூக்கில் விடக் கூடாது. மூக்கு வழியாக மூளைக்குப் போய் உயிரைப் பறிக்கும் அமீபா அதில் இருக்கக்கூடும். அந்த நோய் அரிது, வந்தால் பிழைப்பது கடினம்.

மருந்து

மூக்கு ஒவ்வாமைக்கு முதல் மருந்து மாத்திரை அல்ல, மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே. புளூட்டிகசோன், மொமெட்டசோன், புடசோனைடு என்ற பெயர்களில் கிடைக்கும். மூக்கின் சவ்வில் மட்டும் வேலை செய்வதால் உடம்புக்குள் மிகக் குறைவாகவே போகும். இரண்டு நாள் அடித்துப் பார்த்துப் பயனில்லை என்று தூக்கிப் போடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். பொங்கலுக்குப் பிறகு அறுவடை என்றால் மார்கழி பாதியிலேயே மருத்துவரிடம் கேட்டுத் தொடங்கி, பருவம் முடியும்வரை தினமும் அடிக்க வேண்டும். தலையைச் சற்றுக் குனிந்து, வலது துளைக்கு இடது கையாலும் இடது துளைக்கு வலது கையாலும் பிடித்து, நுனியைக் கண்ணின் வெளி ஓரத்தை நோக்கித் திருப்பி அடியுங்கள். நடுச்சுவரில் பட்டால் ரத்தம் கசியும். அடித்தவுடன் பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய் வீணாகும்.

மாத்திரையில், வெளி வேலைக்காரர்கள் பெயர் பார்த்து வாங்க வேண்டும். குளோர்பெனிரமின், பெனிரமின் போன்ற பழைய வகைகள் தூக்கத்தைக் கொண்டுவரும். டிராக்டர், சாரம், அரிவாள், மின்சாரம் என்று வேலை செய்பவருக்கு அது ஆபத்து. அவை வியர்வையையும் குறைக்கும், சித்திரை வெயிலில் வியர்க்காத உடம்பு சூடேறி மயங்கி விழலாம். பல சளி மாத்திரைகளில் குளோர்பெனிரமின் கலந்தே இருக்கிறது, அட்டையின் பின்புறம் பாருங்கள். பெக்ஸோபெனடின், லோரட்டடின் தூக்கம் மிகக் குறைவாகத் தருபவை. பெக்ஸோபெனடினைப் பழச்சாற்றோடு விழுங்கினால் உடம்பு அதை உறிஞ்சுவது குறையும், தண்ணீரோடு போடுங்கள். செட்டிரிசின் சிலருக்குத் தூக்கம் தரும், சிலருக்குத் தராது. வேலையில்லாத நாளில் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது. லெவோசெட்டிரிசினோடு மாண்டிலூகாஸ்ட் சேர்ந்த மாத்திரை எங்கும் தாராளமாகக் கொடுக்கப்படுகிறது. மாண்டிலூகாஸ்ட் சிலருக்கு மனச்சோர்வு, கெட்ட கனவு, தற்கொலை எண்ணம்வரை கொண்டுபோகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

மூக்கடைப்புக்கு விடும் சைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின் சொட்டு மருந்து ஐந்து நிமிடத்தில் மூக்கைத் திறந்துவிடும். அதனாலேயே ஆபத்தும்கூட. ஐந்து நாளுக்கு மேல் விட்டால் மருந்து இல்லாமல் மூக்கே திறக்காத நிலை வந்துவிடும். பருவத் தொடக்கத்தில் ஒரே ஒரு ஊசி, அந்த வருடம் முழுக்கத் தும்மலே இல்லை என்று சொல்லிப் போடப்படும் ஸ்டீராய்டு ஊசியையும் தவிர்க்க வேண்டும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு தேயும், உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு குறையும்.

எப்போது வேலையை நிறுத்த வேண்டும்

தும்மல், கண் அரிப்போடு நிற்காமல் நெஞ்சு இறுக்கம், விசில் சத்தம், இரவு இருமல் தொடங்கினால் ஒவ்வாமை மூச்சுக்குழாய்வரை போய்விட்டது. அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவர் வயலில் திணறினால் உட்கார வைத்து, சால்புட்டமால் இன்ஹேலரை ஒவ்வொரு முறையாக 4 முறை, முடிந்தால் ஸ்பேசர் என்ற இணைப்புக் குழாய் வழியாக, கொடுங்கள். 4 நிமிடத்தில் தணியாவிட்டால் மறுபடி 4 முறை கொடுத்துக்கொண்டே 108ஐ அழையுங்கள். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை, உதடு நீலமாகிறது என்றால் அந்த 4 நிமிடமும் காத்திருக்காமல் உடனே 108ஐ அழையுங்கள். குளவி, கதண்டு கொட்டிய சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடித்து, தொண்டை அடைத்து, தலை சுற்றினாலும் அப்படித்தான். அதற்கு மருந்து மருத்துவமனையில் தொடையில் போடும் அட்ரினலின் ஊசி, மாத்திரை அல்ல. படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்தித் தூக்கிப் போங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் உட்கார வையுங்கள், நடக்க விடாதீர்கள்.

இன்ஹேலரை டிராக்டரின் கருவிப் பெட்டியிலும் வண்டியின் சீட்டுக்கு அடியிலும் வைப்பது வழக்கம். வெயிலில் அந்த இடங்கள் கொதிக்கும், அழுத்தத்தில் உள்ள குப்பி வெடிக்கவும் கூடும். சாப்பாட்டுத் தூக்கோடு நிழலில் வையுங்கள். அது எங்கே இருக்கிறது என்பது கூட வேலை செய்யும் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.